புல்வண்டியின் மௌன விரதம்

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் மாமனார் வீடு என்ன பாடு படும் என்பதை நம் நேயர்களுக்கு நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. மாமியார் கையைப் பிசைவார். மாமனார் மோதிரத்தின் எடை போதவில்லையோ என்று மனத்துக்குள் கணக்குப் போடுவார். மைத்துனன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பான். கடைசியில் வீட்டிலுள்ள பாட்டி ஒருத்தி நிதானமாய் விசாரித்துப் பார்த்தால், மாப்பிள்ளையின் காலைக் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள் என்பது வெளியாகும். விஷயம் அவ்வளவுதான்!

யந்திரங்களின் கோபமும் பெரும்பாலும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. பத்துத் தடவையில் ஒன்பது தடவை காரணம் மிக அற்பமானது. ஆனால் அந்தப் பாட்டியின் நிதானம் நமக்கு இருப்பதில்லை. எடுத்த எடுப்பில் மோதிரத்தை மாற்றப் புறப்பட்டுவிடுகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் குடியிருக்கும் நம் தம்பியின் இல்லத்தில் சில வாரம் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு மே மாதம் ஓய்வுக் காலம். அந்த ஊர்ப் புல்லுக்கோ மே மாதந்தான் உத்தியோக காலம். பனி கரைந்து, மழை பெய்து, இளவெயில் பட்டதும் அது வளருகிற வேகத்தைப் பார்த்தால் நம் ஊர் மாடுகள் கண்ணீர் வடிக்கும். அதை மேய்வதற்கு அங்கே மாடு கிடையாது. வளர விடுவதற்கும் இடமில்லை. அந்நாட்டில் பல ஊர்களில், வீட்டைச் சுற்றியுள்ள புல் எட்டு அங்குலம், அல்லது பத்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் நகரசபையிலிருந்து நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால், நகரசபையே ஆள் வைத்து வெட்டிவிட்டுச் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டும்.

தம்பியின் வீட்டைச் சுற்றி ஓர் ஏக்கர், அதாவது நம் கணக்கில் நூறு சென்ட், புல்தரை. அவ்வளவையும் கையால் தள்ளும் கருவியைக் கொண்டு வெட்டுவது ஆகிற காரியமல்ல. ஆகையால் அவனிடம், ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டி ஒன்று இருக்கிறது. பார்வைக்குச் சின்ன டிராக்டர் போல் இருக்கும். முன்னால் பெட்ரோல் எஞ்சின். நடுவே வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த தாம்பாளம் போன்ற ஓர் இரும்பு மூடி. அதற்குள் சுழலும் கத்திகள். மேலே ராஜாவுக்குப் போட்டது போல் ஓர் ஆசனம்.

இந்த வண்டியின் பூர்வோத்தரம் ரஸமானது. இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் ஜில்லாவில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் முதல் புல்வெட்டும் யந்திரத்தைச் செய்தார். அவர் அதைக் கற்றுக்கொண்டது தோட்டத்திலல்ல, துணி ஆலையில்! கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் யந்திரம் அங்கே இருந்தது. துணியைக் கத்தரிப்பது தரையையும் கத்தரிக்கக் கூடாதா என்று அவர் யோசித்தார். 1902-ல் ரான்சம்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியார் பெட்ரோல் எஞ்சின் வைத்த புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வம்சத்தின் வாரிசுதான் நம் தம்பியின் கொட்டகையில் குளிர்காலம் முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது.

மே மாதத்து முதல் சனிக்கிழமை காலை. தம்பி ஆசனத்தில் அமர்ந்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு, சாவியைத் திருப்பினான். வண்டி, “டக், டக், டக்” என்று அவசர அவசரமாய்ச் சப்புக் கொட்டியதோடு நின்றுவிட்டது. பத்துத் தடவை திருப்பினான்; பத்துத் தடவையும் அதே சப்புக் கொட்டல்.

“போச்சு, அண்ணா! எஞ்சினே போய்விட்டது. பழுது பார்க்கிறவனைக் கூப்பிட்டால், வசந்த காலத்தில் அவன் மூன்று வாரத்துக்கு முன்னால் வரமாட்டான். அதற்குள் புல் இடுப்பளவு வந்துவிடும். இதைத் தள்ளிவிட்டுப் புதிது ஒன்று வாங்கிவிட வேண்டியதுதான்” என்றான்.

“புதிதின் விலை என்ன?” என்று கேட்டோம்.

“இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும்.”

மோதிரத்தை மாற்றப் புறப்பட்டுவிட்டான் என்று தெரிந்துகொண்டோம்.

நாம் யந்திர சாஸ்திர நிபுணரல்ல. பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, இருபது வருஷமாய்ப் பையன்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். ஆயினும் வாத்தியார் உத்தியோகம் ஒரு வித்தையைக் கற்றுக் கொடுக்கிறது. பையன் கணக்கில் தப்புச் செய்தால், ‘இவன் மக்கு’ என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. எந்த வரியில் தப்பினான் என்று ஒவ்வொரு வரியாய்ப் பார்க்க வேண்டும். யந்திரத்துக்கும் அதே விதிதான்.

“முதலில் அது என்ன சொல்லுகிறது என்று கேள்” என்றோம் தம்பியிடம்.

ஓட மறுக்கும் புல்வண்டி நான்கு விதமாய்ப் பேசும். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்பது முதல் விதம். டக் டக் என்ற சத்தம் மட்டும் வருவது இரண்டாவது. எஞ்சின் நன்றாய்ச் சுழன்றும் தீப்பிடிக்காமலே இருப்பது மூன்றாவது. தீப்பிடித்து ஓடி, உடனே நின்று போவது நான்காவது. இந்த நான்கில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பது, எந்தப் பாஷையில் கேள்வி கேட்டார்கள் என்று தெரியாமல் விடை எழுதுவதற்கு ஒப்பாகும்.

சத்தமே இல்லையென்றால், யந்திரம் உத்தரவுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். இவ்வண்டிகளில் ஆபத்தைத் தடுப்பதற்காகச் சில காவல் ஸ்விட்சுகள் வைத்திருக்கிறார்கள். பிரேக்கை முழுவதும் அழுத்தியிருக்க வேண்டும். கத்தியைச் சுழற்றும் பிடி அல்லது பொத்தான் ‘நிறுத்தம்’ என்ற ஸ்தானத்தில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் ஆசனத்தில் ஆளும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சாவி பலிக்காது. சென்ற தடவை வெட்டிவிட்டுக் கத்திப் பிடியைத் தள்ள மறந்து போனவர்கள் எத்தனையோ பேர், இந்த வருஷம் எஞ்சின் கெட்டுவிட்டதென்று பழுது பார்க்கிறவனுக்குச் சொல்லியனுப்புகிறார்கள்! இவை சரியாக இருந்தும் சத்தமில்லையென்றால் ப்யூஸைப் பார்க்க வேண்டும். விரல் நகத்தளவு உள்ள அந்த வஸ்து பாட்டரியின் பக்கத்திலோ, ஆசனத்துக்கு அடியிலோ இருக்கும். அதனுள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் வெளியிலிருந்தே தெரியும். அதே ஆம்பியர் எண் உள்ள வேறொன்றைத்தான் போட வேண்டும். பெரிய எண்ணாகப் போட்டு அதை ஏமாற்றக் கூடாது.

நம் வண்டி பேசியதோ இரண்டாவது பாஷை. விடாமல் டக் டக் என்று அடித்தால், பாட்டரியில் பலம் இல்லை அல்லது அதன் இணைப்பில் சுத்தம் இல்லை என்று பொருள். ஒரே ஒரு பலத்த டக் மட்டும் கேட்டு நின்றால், ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸொலினாய்டையோ, ஸ்டார்ட்டரையோ, தடித்த கம்பிகளையோ சந்தேகிக்க வேண்டும்.

தம்பியிடம் மின்சாரம் அளக்கும் சிறு மீட்டர் இருந்தது. முழுப் பலத்தோடு இருக்கும் பாட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இதுவோ 11.6 காட்டியது. ஆறு மாதக் குளிரில் பட்டினி கிடந்ததன் பலன். பாட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூஞ்சை மாதிரி ஒரு பொடி அப்பிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து ஸோடா உப்பைக் கொண்டுவரச் செய்து, தண்ணீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோம். நுரைத்துக்கொண்டு அழுக்குப் போயிற்று. கழற்றும்பொழுது கறுப்புக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்பொழுது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த ஒரு வரியை மறந்தவர்களுக்குத் தீப்பொறி ஞாபகப்படுத்தும். பிறகு, காற்றோட்டமான இடத்தில் பாட்டரியை வைத்து இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றினோம். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதன் அருகே நெருப்புக்கு வேலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கம்பீரமாய்ச் சுழன்றது. தம்பியின் முகம் மலர்ந்தது. ஆனால் சுழன்றதே தவிர, உயிர் பிடிக்கவில்லை. பத்து விநாடி சுழற்றுவதும், ஸ்டார்ட்டர் ஆறட்டும் என்று ஒரு நிமிஷம் காத்திருப்பதுமாய் நாலைந்து தடவை பார்த்தோம். பலனில்லை.

“பார்த்தாயா அண்ணா! நான்தான் சொன்னேனே!” என்றான்.

“நீ சொன்னது எஞ்சின் போய்விட்டதென்று. இது சொல்வது வேறு. நேற்று இரண்டாம் பாடம். இன்று மூன்றாம் பாடம். வகுப்பு ஏறியிருக்கிறது” என்றோம்.

ஜெர்மனியில் நிகோலாஸ் ஆட்டோ 1876-ல் நான்கு ஓட்ட எஞ்சினைச் செய்து காட்டிய நாள் முதல், பெட்ரோல் எஞ்சின் நம்மிடம் கேட்பது மூன்றே பொருள்: எரிபொருள், காற்று, தீப்பொறி. இம்மூன்றும் உரிய காலத்தில் கிடைத்தால் அது ஓடியே தீரும். ஓடவில்லையென்றால் மூன்றில் ஒன்று வரவில்லை. எது வரவில்லை என்பதை ஸ்பார்க் பிளக்கே சொல்லிவிடும். எஞ்சினைச் சுழற்றிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, தீப்பொறிதான் இல்லை. அல்லது பெட்ரோல் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. நுனி உலர்ந்திருந்தால் எரிபொருளே வந்து சேரவில்லை.

கழற்றிப் பார்த்தோம். உலர்ந்திருந்தது, சித்திரை மாதத்துக் குளம் மாதிரி.

“பெட்ரோல் எப்பொழுது போட்டது?” என்று கேட்டோம்.

தம்பி தலையைச் சொறிந்தான். “அக்டோபரில், கடைசியாய் வெட்டினபோது.”

சிக்கிவிட்டது! பெட்ரோல் என்பது கல்லும் மண்ணும் போல் அப்படியே கிடக்கும் பொருளல்ல. ஊறுகாய் மாதிரி வருஷக் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடியதுமல்ல. ஒரு மாதம் கழிந்ததுமே அதன் எளிதில் ஆவியாகும் பாகம் குறையத் தொடங்கும். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்துச் சதவிகிதம் வரை எதனால் கலந்திருக்கிறது. எதனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மிஞ்சியிருப்பது நாளடைவில் வார்னிஷ் மாதிரி இறுகி, கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். நம் தேசத்தில் 2025-ல் பெட்ரோலில் எதனால் கலப்பு இருபது சதவிகிதத்தை எட்டியிருக்கிறது. ஆகையால் ஜெனரேட்டருக்கென்று டப்பாவில் பெட்ரோல் சேர்த்து வைக்கும் நம்மவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

எஞ்சின் நன்றாய் ஆறியிருந்த சமயத்தில், வெளியில் வைத்துப் பழைய பெட்ரோல் முழுவதையும் டப்பாவில் வடித்தோம். கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தபோது, கஷாயத்தின் நிறமும் பழைய பெயின்ட் வாசனையுமாய் இருந்தது. அதைச் சாக்கடையிலோ புல்லிலோ கொட்டக் கூடாது. அபாயகரமான கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் சேர்க்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் போன்ற பாகம் ஒன்று உண்டு. அதைக் கழற்றியபோது அடியில் பிசின் மாதிரி ஒரு படிவு இருந்தது. அதற்கென்றே விற்கும் திரவத்தைத் தெளித்துத் துடைத்தோம். துவாரத்தை ஒரு மெல்லிய செப்பிழையால் குத்தினோம். எஃகு ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, வேறொரு வியாதி பிறக்கும். காற்று வடிகட்டியைத் திறந்தால், உள்ளே ஓர் எலிக் குடும்பம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போன அடையாளங்கள்! அவற்றையும் அப்புறப்படுத்தினோம். புது பெட்ரோல் ஊற்றி, சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியதுதான் தாமதம். இரண்டு தும்மல், ஓர் இருமல், பிறகு ‘தட தட’வென்று ஒரே சீராய் ஓடத் தொடங்கிவிட்டது.

தம்பி ஆசனத்தில் ஏறிக் கத்தியைச் சுழலவிட்டுக் கிளம்பினான். இந்தக் கட்டுரை இங்கே முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை.

சுமார் முப்பது கஜம் போயிருப்பான். ஒரு சின்ன மேடு. வண்டி குலுங்கியது, எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி சாவியைத் திருப்பினான், உடனே ஓடியது. அடுத்த குலுக்கலில் மறுபடி நின்றது. நாலு தடவை இப்படி ஆனதும், அவன் கீழே இறங்கி ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தான். அதன் அடியில், உட்காருகிறவன் கனத்தால் அழுந்தும் ஒரு சின்ன ஸ்விட்சும், அதிலிருந்து போகும் இரண்டு கம்பிகளும் இருந்தன. கத்தி சுழலும்போது ஓட்டுகிறவன் ஆசனத்தை விட்டு எழுந்தாலோ, தவறி விழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவதற்கு அமைந்த காவற்காரன் அது. அந்தக் காவற்காரன் குலுக்கலுக்கெல்லாம் பயந்து எஞ்சினை நிறுத்திக்கொண்டிருந்தான்.

தம்பி கொட்டகைக்குப் போய்த் துண்டுக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தான்.

“அண்ணா, இந்த இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் தீர்ந்தது தொல்லை. ஆள் உட்கார்ந்தே இருப்பதாக யந்திரம் நினைத்துக்கொள்ளும். எத்தனையோ பேர் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.”

உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நிமிஷத்தில் நமக்கும் அந்த யோசனை கசக்கவில்லை. இரண்டு நாளாய்க் குனிந்து குனிந்து முதுகு வலித்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புல்லோ பாதி வெட்டியும் வெட்டாமலும், அம்பட்டன் நடுவில் விட்டுப் போன தலை மாதிரி நின்றது. “சரி” என்று சொல்ல வாயெடுத்தோம்.

அந்தச் சமயம் வீட்டிலிருந்து தம்பியின் மகள் ஓடி வந்தாள். ஒன்பது வயசு. காலில் செருப்பில்லை. வெட்டின புல்லின் மேல் வெறுங்காலால் ஓடுவதில் அவளுக்கு ஓர் ஆனந்தம். நேரே வண்டியின் ஓரமாய் வந்து நின்று, கத்தி மூடியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “பெரியப்பா! அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். ரசம் ஆறிப் போகிறதாம்!” என்றாள்.

எஞ்சின் அப்பொழுது ஓடவில்லை. ஆனால் தம்பியும் நாமும் அந்தச் சின்னப் பாதத்தையே பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி, துண்டுக் கம்பியைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “வா அம்மா, சாப்பிடப் போகலாம்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

புல்வண்டியின் கத்தி நுனி எவ்வளவு வேகமாய்ச் சுற்றலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வரம்பு உண்டு: நிமிஷத்துக்கு 19,000 அடி. அதாவது மணிக்குச் சுமார் 345 கிலோ மீட்டர்! நம் எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஒன்றும் அந்த வேகத்தைக் கண்டதில்லை. சாவியை அணைத்த பிறகும் கத்தி உடனே நிற்பதில்லை. சில விநாடி சுழன்றுவிட்டுத்தான் ஓயும். கையால் தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில், பிடியை விட்ட மூன்று விநாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்ற விதியை அமெரிக்கச் சர்க்கார் 1982-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு விதி செய்யும்படி நேர்ந்ததற்கு, அதற்கு முன் இழந்த விரல்களும் பாதங்களுமே காரணம். அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் சங்கத்தார், பதினாறு வயசு நிறையாதவர் இவ்வண்டியை ஓட்டக் கூடாதென்றும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபோதும் ஓட்டலாகாதென்றும், வெட்டும் நேரத்தில் குழந்தைகள் வீட்டுக்குள்ளோ, பாதுகாப்பான தூரத்திலோ இருக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறார்கள். வண்டியைப் பின்னால் நகர்த்தும்போது முதுகுப் பக்கம் நிற்கும் குழந்தை தெரியாமல் போய் நேர்ந்த விபரீதங்கள் பல.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தால், ஆசனத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச் நம் விரோதியல்ல என்பது விளங்கும். ‘ஓடமாட்டேன்’ என்று யந்திரம் சொல்லும் சொற்களில் சில, பழுதினால் வருபவை. சில, நம்மேலுள்ள கருணையால் வருபவை. பழுதைத் தீர்க்க வேண்டும். கருணையின் வாயை அடைத்துவிடக் கூடாது. காவற்காரன் தூங்கி வழிந்தால் அவனை எழுப்புவதுதான் புத்தி, கழுத்தை நெரிப்பதல்ல.

ரசஞ்சாதம் ஆனதும் திரும்பி வந்தோம். முதல் வேலையாகச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் கழற்றி அப்பால் தள்ளிவைத்தோம். கத்திக்கு அருகில் கை போகும் எந்த வேலைக்கும் இதுவே பிள்ளையார் சுழி. பிறகு ஆசனத்தடி ஸ்விட்சைச் சாவகாசமாய்ப் பார்த்தோம். கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் கூடு பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த தகடுகளில் பச்சைக் களிம்பு. களிம்பைச் சுரண்டி, தகடுகளைச் சற்று நெருக்கி, கூட்டை ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும் வரை அழுத்தினோம். பத்து நிமிஷ வேலை. ஒரு காசு செலவில்லை. சரியாகிவிட்டதா என்பதற்குச் சோதனையும் செய்தோம். தம்பி கத்தியைச் சுழலவிட்டு, ஆசனத்திலிருந்து கொஞ்சம் எழும்பினான். எஞ்சின் உடனே நின்றது. மேட்டின் மேல் ஓட்டினான், நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஓட வேண்டிய இடத்தில் ஓடுவதல்லவா நல்ல யந்திரம்!

இரண்டாயிரம் டாலர் என்று தொடங்கிய கணக்கு, ஒரு டப்பா சுத்தி செய்யும் திரவத்திலும், கொஞ்சம் ஸோடா உப்பிலும், ஓரிரு காலன் பெட்ரோலிலும் முடிந்தது.

இதைச் சொல்லும்போது நமக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. மகாத்மா காந்தி யந்திரங்களுக்கே விரோதி என்று பலர் எண்ணுகிறார்கள். 1924-ல் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, தையல் யந்திரத்தை உபயோகமானதென்று விலக்கிச் சொன்னவர் அவர். 1929-ல், சிறந்த கை ராட்டினம் ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்ற அறிவிப்பு வெளியாயிற்று. அதன் நிபந்தனைகளைப் படித்தால் இன்றும் வியப்பாய் இருக்கும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அவ்வப்போது பராமரித்து வந்தால் இருபது வருஷம் உழைக்க வேண்டும். வருஷந்தோறும் மாற்றும் உறுப்புகளின் செலவு விலையில் ஐந்து சதவிகிதத்தைத் தாண்டலாகாது. யந்திரம் இருக்கலாம், ஆனால் அதைச் சீராக வைத்துக்கொள்ளும் சக்தி அதை வைத்திருப்பவன் கையில் இருக்க வேண்டும் என்பதல்லவா இதன் கருத்து? ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தார், விவசாய யந்திரங்களைச் சொந்தக்காரர்களே பழுது பார்த்துக்கொள்ளும் உரிமையை 2023-ல் சட்டமாக்கியிருக்கிறார்கள்.

நம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) அவர்களின் சரித்திரமும் இதற்கு அத்தாட்சி. இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் மோகம் கொண்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் போவதோடு நிற்கவில்லை. அதை அக்கக்காய்க் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தார். பிற்காலத்து நாயுடு அந்தத் திருகாணிகளுக்கு நடுவில்தான் பிறந்தார் என்று சொல்ல வேண்டும்.

புல்வண்டி நம் வீடுகளில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் ஸ்கூட்டர் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, மருந்து தெளிக்கும் கருவி இருக்கிறது. பெட்ரோலில் ஓடும் அத்தனைக்கும் மேலே சொன்ன மூன்று பொருளே உணவு. (டீசல் பம்புசெட்டுக்கு மட்டும் தீப்பொறி வேண்டாம், காற்றை நெருக்கும் உஷ்ணத்திலேயே அது தீப்பிடிக்கும்.) அவற்றில் ஒன்று மௌனம் சாதித்தால், பதறாமல் வரிசையாய்க் கேளுங்கள். சத்தம் வருகிறதா? வந்தால் எப்படிப்பட்ட சத்தம்? காவல் ஸ்விட்சுகள் தத்தம் ஸ்தானத்தில் இருக்கின்றனவா? பாட்டரியில் பலம் உண்டா? பெட்ரோல் எந்த மாதத்துச் சரக்கு? பிளக்கின் நுனி ஈரமா, உலர்ந்ததா? காசு செலவில்லாத கேள்விகளை முதலில் கேளுங்கள். கடைக்குப் போகும் கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்தும் அது அசையவில்லையென்றால், அப்பொழுது தெரிந்தவனைக் கூப்பிடுவதில் அவமானமில்லை. வரும் மெக்கானிக்கிடம், ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், இன்னதெல்லாம் பார்த்தாயிற்று என்று சொன்னால் அவருக்கும் நேரம் மிச்சம், நமக்கும் பணம் மிச்சம்.

நாம் ஊர் திரும்பிய பிறகு தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. புல்வண்டி வாரந்தோறும் ஓடுகிறதாம். இவ்வருஷக் கடைசியில் பெட்ரோலை வடித்துவிட்டு, பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடப் போகிறானாம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான்: “குழந்தைக்கு இப்பொழுது ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். எஞ்சின் சத்தம் கேட்டால் அவள் திண்ணைப் படியை விட்டு இறங்கக் கூடாது. அவளும் எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். அவள் படியில் வந்து நின்று கையை உயர்த்தினால், நான் உடனே கத்தியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட வேண்டுமாம். இரண்டு சட்டமும் அமலில் இருக்கின்றன.”

அந்தத் துண்டுக் கம்பி என்ன ஆயிற்று என்று அவன் எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை.